வீடு வாங்குமுன் வீதியை அளத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் கேட்டுப் பழகிய தங்கள் முன்னிலையில், வீடு வாங்கும் விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசுவதற்குப் புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள். பற்றும் வரவும் எழுதியே காலம் கழிக்கும் நமக்கு அவர்களுடைய துறை எட்டாது. கூட்டல் கழித்தல் எட்டும். வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொன்னார்கள். மும்பைப் பகுதியில் வீட்டைக் கட்டிப் பார்ப்பது நம்மால் ஆகிற காரியமன்று. பிறர் கட்டியதை வாங்கத்தான் முடியும். அதையும் சதுர அடி சதுர அடியாக எண்ணித்தான் வாங்க முடியும்.

நாம் குடியிருக்கும் இக்காலனியின் வீடுகள் நமக்குச் சொந்தமானவை அல்ல. ரயில்வே உத்தியோகம் உள்ளவரை குவார்ட்டர்ஸ் உண்டு. ஓய்வு பெற்றால் குறிப்பிட்ட சில மாதங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். முப்பது ஆண்டுகள் வாசலில் கோலமிட்ட வீட்டை விட்டு அன்று வெளியேறும் குடும்பம் எங்கே போவது? ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நாற்பது வயதில் எல்லோரும் சொல்கிறோம். ஐம்பத்தைந்து வயதில் அப்படிச் சொல்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலையில் அமர்ந்து, இங்கேயே மணமும் முடித்துக் கொள்கிறார்கள். ஆகவே வீடு என்பது நம்மில் பலருக்கு ஆடம்பரமன்று. ஓய்வு பெறும் நாளுக்குள் தீர்த்தாக வேண்டிய ஒரு கணக்கு அது.

அந்தக் கணக்கில் நம்மவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகள் நான்கு. விலை என்ன? எத்தனை சதுர அடி? ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? வேக வண்டி நிற்குமா? நான்கும் அவசியமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றைக் கேட்பவர் யார் என்று சிந்தித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் குடும்பத் தலைவர். அவர் அந்த வீட்டில் விழித்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு நான்கு மணியைத் தாண்டாது. பகல் முழுவதும் அங்கே இருக்கப் போகிறவர்கள் வேறு மனிதர்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருக்கும் இல்லத்தரசி, பள்ளிக்குச் சாலையைக் கடந்து செல்லும் சிறுமி, மூட்டு வலியோடு மருந்துக்குப் போக வேண்டிய மாமியார் ஆகிய இவர்களுடைய காலடியால் அக்கம்பக்கத்தை அளந்து பார்க்காமலே முன்பணத்தைக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். இப்பொழுது நம் பெண்களில் பலர் தாமும் வண்டி ஏறி உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு அளவுகோலும் வேண்டும். அவர்கள் பாடுதான் பெரும்பாடு.

இந்நகருக்கு நமக்கு முன்பே வந்த தமிழர்கள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி நெரிசலான பேட்டைகளில் ஜனங்கள் திரள் திரளாக மாண்டார்கள். அதன் விளைவாக 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு அந்த டிரஸ்ட் வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளையும் தோட்டங்களையும் வகுத்து மனைகளைப் பிரித்தது. அங்கே குடியேறிய தென்னிந்தியர்கள் கோயிலையும் சபையையும் கடைவீதியையும் தமக்கென அமைத்துக் கொண்டார்கள். 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டி என்னும் கல்வி ஸ்தாபனமும் தோன்றியது. ஸ்டேஷனும் பள்ளியும் வாழையிலைக் கடையும் கோயிலும் நடக்கும் தூரத்துக்குள் கிடைத்தன. இன்று அதே மாதுங்காவில் ஒரு குளியலறை வாங்க நம் ஆயுட்காலச் சேமிப்பு போதாது என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைதான், ஆயினும் முழுப் பொய்யன்று.

ஆகவே நம்மவர்கள் செம்பூர், முலுண்டு, டோம்பிவலி என்று படிப்படியாக நகர்ந்து, இப்பொழுது அம்பர்நாத், பத்லாப்பூர் வரை போய்க்கொண்டிருக்கிறார்கள். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இந்நாட்டின் முதல் பிரயாணி வண்டி போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. மறு ஆண்டே பாதை கல்யாணை எட்டியது. தண்டவாளம் போன வழியே நாமும் போகிறோம். சத்திரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்திலிருந்து டோம்பிவலி ஏறக்குறைய 48 கிலோமீட்டர், கல்யாண் 54, அம்பர்நாத் 60, பத்லாப்பூர் 68. விலையோ இதற்கு நேர்மாறாக இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் கல்யாணுக்கு அப்பால் பாதை கசாரா, கர்ஜத் என்று இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பின் ஒவ்வொரு கிளையிலும் வண்டிகள் குறைவு. இதை ரயில்வேக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற உறவினர்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர். ஔவையார் கொன்றைவேந்தனில், நீர்வளம் பொருந்திய ஊரிலே குடியிரு என்று ஓரடியில் சொல்லி வைத்தார். அவர் காலத்தில் ஆறும் கிணறும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்றைய தண்ணீர் பூமிக்கடியில் குழாயில் ஓடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உல்லாஸ் நதியும் பார்வி அணையும் இப்பகுதி நகரங்கள் பலவற்றுக்குத் தாகம் தீர்க்கின்றன. ஆயினும் நதி பக்கத்தில் ஓடுவதாலேயே நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. 2015இல் கல்யாண் டோம்பிவலி மாநகராட்சியில் 27 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. அப்பக்கத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழும்பிய வேகத்தில் குழாய்கள் போடப்படவில்லை என்பதை அங்கே குடியேறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கட்டடத்தின் விளம்பரத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் என்று எழுதியிருக்கும். அது மாடியிலுள்ள தொட்டியின் தண்ணீர். தொட்டிக்குள் தண்ணீர் நகராட்சிக் குழாயிலிருந்து வருகிறதா, போர்க் கிணற்றிலிருந்து வருகிறதா, டாங்கர் லாரியிலிருந்து வருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கேள்வியை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ஏப்ரல், மே மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீதியில் போய் நின்றால் டாங்கர் வருவதும் வராததும் தானே தெரிந்துவிடும். சொஸைட்டியின் வரவு செலவுக் கணக்கில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் இல்லாமையைப் போலவே தண்ணீர் மிகுதியும் கேடு. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உல்லாஸ் நதிக்கரை ஊர்களும் அன்று மூழ்கின. 2019ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் அகப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் படகுகளில் மீட்கப்பட்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இம்மாநிலத்தில் நதிகளுக்கு நீலக்கோடு, சிவப்புக்கோடு என்று இரண்டு வெள்ளக் கோடுகள் வரைகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளம் எட்டும் எல்லை நீலம். நூறாண்டுகளுக்கு ஒருமுறை வரத்தக்கது எட்டும் எல்லை சிவப்பு. நதியை நோக்கிய அழகிய பால்கனி என்று சொல்லி விற்கும் வீடு எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்று நகராட்சி அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடம் பார்க்கத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் 2005இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், சுவரில் கையை வைத்துக் காட்டிவிடுவார்.

இனிக் கூட்டல் கழித்தலுக்கு வருவோம். வங்கிக் கடனுக்கு எட்டரை சதவிகித வட்டி, இருபது ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை 868 ரூபாய் வருகிறது. இந்த எண்ணை மனத்தில் இருத்துங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு சௌகரியம் இல்லாமையால் மாதந்தோறும் நாம் செலவிடும் ஒவ்வொரு 868 ரூபாயும் விலையில் ஒரு லட்சத்துக்குச் சமம். கணவனும் மனைவியும் ஸ்டேஷனுக்குப் பங்கு ஆட்டோவில் தலைக்கு 20 ரூபாய் கொடுத்துப் போய்த் திரும்பினால் நாளொன்றுக்கு 80 ரூபாய். 25 நாளைக்கு 2,000 ரூபாய். குழந்தையின் பள்ளி வேனுக்கு 1,500 ரூபாய். டாங்கர் தண்ணீரில் நம் பங்கு 500 ரூபாய். மொத்தம் 4,000. இதை 868ஆல் வகுத்தால் நாலு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். ஆகவே 25 லட்சத்துக்குக் கிடைக்கும் தொலைவான வீடும், ஏறக்குறைய முப்பது லட்சத்துக்கு ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கும் நடந்து போகக்கூடிய இடத்தில் கிடைக்கும் வீடும் மாதச் செலவில் ஒன்றேதான். தவணை இருபதாம் ஆண்டில் முடியும். ஆட்டோக் கட்டணம் முடியாது, ஏறும்.

இக்கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. பள்ளி வேன் பத்தாண்டுகளில் நின்றுவிடும். வங்கி வட்டியும் நிலையாக நிற்பதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குச் சரியாக வந்தாலும் கூடுதல் ஐந்து லட்சத்தை வங்கி தர வேண்டுமே! மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுக்கடன் முன்பணமாக 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றில் குறைந்தது கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் 17 லட்சம். இதற்குத் தனி வட்டிதான். கூட்டு வட்டி கிடையாது. முதலில் அசலைப் பதினைந்து ஆண்டுகளிலும் பிறகு வட்டியை ஐந்து ஆண்டுகளிலும் பிடித்தம் செய்கிறார்கள். உத்தியோகம் மீதமிருக்கும் ஆண்டுகளை எண்ணிப் பார்த்து, இதைக் கேட்காமல் நேரே வங்கிக்கு ஓடுவானேன்? முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வங்கிக் கடனில் சேர்வதில்லை, கைப்பணமாக வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் மகாராஷ்டிரத்தில் பெண்கள் பெயரில் வாங்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையில் ஒரு சதவிகிதச் சலுகை உண்டு. முப்பது லட்சத்துக்கு முப்பதாயிரம் மிச்சம். வீடு இல்லத்தரசியின் பெயரில் அமைவதில் வேறு நன்மைகளும் உண்டு. அவற்றைத் தாய்மார்களே நன்கறிவார்கள்.

ரூபாய்க் கணக்கில் வராத ஒரு கணக்கும் இருக்கிறது. போகும்போது 25 நிமிஷம், வரும்போது 25 நிமிஷம் கூடுதல் என்றால் அலட்சியமாகத் தலையசைக்கிறோம். மாதத்தில் 25 நாள், ஆண்டில் பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 250 மணி நேரம். பதினைந்து ஆண்டு உத்தியோகத்தில் 3,750 மணி. அதாவது இரவும் பகலுமாக 156 நாட்கள். அந்த நாட்களும் உட்கார்ந்து கழிவன அல்ல. 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் மும்ப்ரா அருகே வண்டிப் படியில் தொங்கிவந்தோர் விழுந்து உயிரிழந்த செய்தியைக் கேட்டு இக்காலனியில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதை நாம் அறிவோம். வண்டி புறப்படும் ஸ்டேஷனில் வீடு வாங்கினால் உட்கார இடம் கிடைக்கும். நடு ஸ்டேஷனில் வாங்கினால் ஏறுவதே சாமர்த்தியம். கல்யாண், டோம்பிவலி, அம்பர்நாத், பத்லாப்பூர் ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் வண்டிகள் உண்டு. தாமே செல்லும் நேரத்தில் அப்படி எத்தனை வண்டி என்று பார்ப்பது நல்லது. விளம்பரத்தில் ஸ்டேஷன் ஐந்து நிமிஷம் என்றிருந்தால், அது யாருடைய ஐந்து நிமிஷம் என்று தாமே நடந்து பார்த்துவிட வேண்டும்.

ஸ்டேஷனைப் பற்றிப் பேசும்போது கிழக்கு, மேற்கு என்னும் பிரச்சினையையும் சொல்ல வேண்டும். தண்டவாளம் இவ்வூர்களை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கும். மறுபக்கம் மலிவான வீடு இருக்கும். நடுவில் ஒரு பாலம். கல்யாணில் நூறாண்டு கடந்த பத்ரி பாலம் பழுதுற்று 2018இல் இடிக்கப்பட்டது. புதிய பாலம் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவ்வழியே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களையும் ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றியவர்களையும் கேட்டுப் பாருங்கள். அன்றாடம் தேவைப்படும் பள்ளியும் வைத்தியரும் தண்டவாளத்துக்கு நம் பக்கத்திலேயே இருக்கட்டும். சினிமாக் கொட்டகை மறுபக்கத்தில் இருந்தால் பாதகமில்லை.

மருத்துவமனை என்றதும் பெரிய பெயருள்ள தனியார் மருத்துவமனையை நினைக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியம், ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கப் போகும் ரயில்வே மருத்துவமனை. கல்யாணில் ஒன்று இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு பைகுலாவிலுள்ள அம்பேத்கர் நினைவு மருத்துவமனை இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுத் தம்பதிகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்வார்கள் என்பதை நாற்பத்தைந்து வயதிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி மலிவாகக் கிடைக்கிறது என்று ஆவலோடு வாங்குகிறோம். அந்த மலிவின் பாக்கியைப் பிற்காலத்தில் முழங்கால் கட்டுகிறது.

இக்காலனியிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். நல்ல வீடு, ஏழாம் மாடி, காற்றும் வெளிச்சமும் தாராளம், லிப்ட் உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பேரன் கல்லூரி மாணவன். வீட்டிலிருப்பவர் எழுபத்து நான்கு வயதுத் தாயார் ஒருவரே. இக்காலனியில் அவர் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. காய்கறி விற்கும் மராத்திப் பெண்மணியிடம் தமிழும் இந்தியும் கலந்து பேரம் பேசுவார். பிள்ளையார் கோயில் திண்ணையில் மாலை இரண்டு மணி நேரம் உட்காருவார். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பார். புதிய இடத்தில் கட்டடத்தின் வாயிலை விட்டு இறங்கினால் நடைபாதை கிடையாது. லாரிகள் போகும் நெடுஞ்சாலைதான். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. கடை என்பது தொலைபேசியில் சொன்னால் கொண்டுவந்து கொடுக்கும் கடை. ஆறு மாதத்தில் அந்த அம்மையார் பேசுவதே குறைந்துவிட்டது. வைத்தியர் பரிசோதித்து நோய் ஒன்றுமில்லை என்றார். வெள்ளிக்கிழமைதோறும் மகன் அவரை இங்கே கொண்டுவந்து விட்டுப் போவதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். இரண்டாண்டுகள் கழித்து அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, இக்காலனிக்கு அருகே ஒரு சிறிய வீட்டில் அவர்கள் வாடகைக்கு வந்துவிட்டார்கள். வரும் வாடகையைவிடக் கொடுக்கும் வாடகை அதிகம். அந்தத் தொகையை நாம் செலவு என்று எழுதுவதா, மருந்து என்று எழுதுவதா என்று மகன் கேட்டார். நாமும் அதற்கு என்ன தலைப்பு போடுவது என்று தெரியாமல் இருக்கிறோம்.

நடைபாதை, நிழல் மரம், உட்காரும் இடம், பத்து அடி தூரத்தில் ஒரு சிறு கடை ஆகியவை எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. விளம்பரத்தில் வருபவை நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், உடற்பயிற்சிக் கூடம். இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. இளைஞர்களுக்கு ஆசை இருக்கும். ஆனால் குளம் வெட்டியவர் அதன் விலையை வீட்டின் விலையில் சேர்த்துவிட்டார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதைச் சுத்தம் செய்யவும் காவல் காக்கவும் விளக்கெரிக்கவும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 500 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு நாலு ரூபாய் என்றால் மாதம் 2,000 ரூபாய். முன் சொன்ன கணக்கின்படி இரண்டே கால் லட்சத்துக்கு மேல். தவணை முடிந்தாலும் இது முடியாது. ஓய்வூதியத்திலிருந்தும் கட்ட வேண்டும். நீந்தத் தெரியாத நாம் குளத்துக்குப் பென்ஷன் கொடுக்கும் வினோதம் இது! சதுர அடி என்றபோது இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அதாவது வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக, சுவர்களுக்குள் நாம் உபயோகிக்கும் தரை. சூப்பர் பில்ட்அப் என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மலிவு என்னும் சொல்லில் ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மும்ப்ராவுக்கருகே ஷீல் பாட்டாவில் அனுமதியின்றி எழுப்பிய கட்டடம் ஒன்று இடிந்து 74 பேர் மாண்டார்கள். கட்டட அனுமதியும், குடிபுகலாம் என்று நகராட்சி தரும் ஓ.ஸி. என்னும் சான்றிதழும் இல்லாத வீட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடக்கூடாது. 2017 மே முதல் இம்மாநிலத்தில் ரியல் எஸ்டேட் ஆணையம் இயங்குகிறது; பதிவு எண்ணைக் கேட்டு அதில் சரி பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் வக்கீல்கள் சொல்வார்கள்.

தமிழர்கள் நிறைந்த இடமாகப் பார்த்து வாங்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அதற்காகத் தண்ணீரை விட்டுக்கொடுக்கக் கூடாது. கோயிலும் இட்லி மாவுக் கடையும் நம் பின்னால் வந்துவிடும், குழாய் வராது. அன்றியும், மராத்தி அண்டை வீட்டாரோடு நாம் எத்தனை ஆண்டுகளாக ஒரே குழாயடியில் நின்று வாழ்ந்திருக்கிறோம்! பிரசவத்துக்கு ஓடி வந்தவர்களும் அவர்கள்தாம். ஆயினும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே வீதியில் வாங்கினால் முதியவர்களுக்கு அதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை. ஒருவர் இங்கும் ஒருவர் அங்கும் இரகசியமாக வீடு பார்த்து, பால் காய்ச்சும் நாளன்று மட்டும் எல்லோருக்கும் அறிவிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம். திருஷ்டி படும் என்று பயந்தால் ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தரகரோடு போய்ப் பார்க்கிறார்கள். அந்த வேளையில் எந்த வீதியும் அழகாகத்தான் இருக்கும். வாரநாளில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில் மழை கொட்டும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாட்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் இரண்டு சட்டைகளைக் கொடுத்துவிட்டு அவை தயாராகும் வரை பேசிக்கொண்டிருங்கள். எந்தக் கட்டடத்தில் தண்ணீர் இல்லை, எதில் சுவர் ஒழுகுகிறது, எதில் வருஷத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தரகருக்குக் கமிஷன் இரண்டு சதவிகிதம் என்றால், இவருக்கு இரண்டு சட்டைக் கூலி.

இக்காலனியிலிருந்து வீடு வாங்கிச் சென்ற குடும்பங்கள் டோம்பிவலியிலிருந்து பத்லாப்பூர் வரை பரவி இருக்கிறார்கள். அவர்கள் வீதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மழையில் எவ்வளவு நிற்கிறது, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, முதியவர்கள் நடந்து போகக்கூடிய வைத்தியர் யார் என்பனவற்றை எழுதி வைக்கச் சங்க வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கலாம் என்று செயலாளர் அவர்களிடம் விண்ணப்பித்தோம், இசைந்தார்கள். புத்தகம் நாளை முதல் நூலக மேஜைமீது இருக்கும். விழாவுக்கு இன்று வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் நம் பழைய காலனிவாசிகள் வண்டி ஏறுமுன் தத்தம் வீதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுதும்போது இல்லத்தரசிகளையே எழுதச் சொல்லுங்கள்.